லினக்ஸ் மின்ட்டில் உள்நுழைவுத் திரையும் தொடக்க அமைப்புகளும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ரிச்சி தெருவில் வாங்கிய பழைய மடிக்கணினியையோ, 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினியையோ தூக்கிப் போட மனம் வராதவர்களுக்கு விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஈ என்ற எளிய பதிப்பு நல்ல தேர்வு. 2 ஜிபி நினைவகம் இருந்தால் ஓடும். 4 ஜிபி இருந்தால் நிம்மதியாக ஓடும். நிறுவுவதற்கு அரை நாள் போதும். அதற்குப் பிறகுதான் கேள்விகள் கிளம்புகின்றன. வீட்டில் ஒரே ஆள் பயன்படுத்தும் கணினி, ஏன் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கிறது? என்றோ மூடிய சன்னல்கள் ஏன் தினமும் தாமாகத் திறக்கின்றன? தமிழ் விசைப்பலகை வைத்ததில் இருந்து உள்ளேயே போக முடியவில்லையே, ஏன்?

இவை எல்லாவற்றுக்கும் மின்ட்டில் இடம் இருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில் இல்லை. மெனுப் பெயர்களை ஆங்கில இடைமுகத்தில் உள்ளபடியே தமிழ் எழுத்தில் தருகிறேன். வலையில் உதவி தேடும்போதும் அந்தப் பெயர்கள்தான் கண்ணில் படும் என்பதால், இடைமுகத்தை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்வது புதியவர்களுக்கு நல்லது.

முதலில், எந்தக் கட்டம் என்று பாருங்கள்

பவர் பொத்தானை அழுத்தியதில் இருந்து உலாவி திறக்கும் வரை மூன்று கட்டங்கள் உண்டு.

முதல் கட்டத்தில் க்ரப் என்ற ஏற்றி, இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னலை எழுப்புகிறது; பிறகு சிஸ்டம்டி என்ற நிரல் வலையமைப்பு, அச்சுப்பொறி, புளூடூத் போன்ற சேவைகளைத் தொடங்குகிறது. மின்ட் சின்னம் திரையில் தெரிகிற நேரம் இது.

இரண்டாவது கட்டம் உள்நுழைவுத் திரை. இதை நடத்துவது லைட்டிஎம் என்ற தனி நிரல். அதன் முகமாக, நாம் பார்க்கும் படத்தையும் பெட்டியையும் காட்டுவது ஸ்லிக் கிரீட்டர்.

மூன்றாவது கட்டம் உங்கள் அமர்வு. கடவுச்சொல் சரியான பிறகு பணிப்பட்டை, பின்னணிப் படம், வைஃபை சின்னம் எல்லாம் வருகிற கட்டம்.

புதியவர்கள் தடுமாறுவது இரண்டையும் மூன்றையும் ஒன்று என்று நினைப்பதால்தான். உள்நுழைவுத் திரை அடுக்ககத்தின் வாசலில் இருக்கும் காவலாளி மாதிரி: யார் வருகிறார்கள் என்று பார்ப்பார், ஆனால் உங்கள் வீட்டுச் சாவி அவரிடம் இருக்காது. லைட்டிஎம் தனக்கென ஒரு பயனர் கணக்கில் இயங்குகிறது. நீங்கள் உள்ளே போய் மாற்றும் தோற்றம், விசைப்பலகை, திரை அளவு எதுவும் அதற்குத் தெரியாது. எந்தச் சிக்கல் வந்தாலும் கடவுச்சொல் தருவதற்கு முன்பா, பின்பா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

தொடங்கும் முன் ஒரு வேலை: மெனுவில் டைம்ஷிப்ட் என்று தேடித் திறந்து, கிரியேட் பொத்தானை அழுத்தி ஒரு நகல் எடுத்து வையுங்கள். பின்னால் ஏதாவது ஏடாகூடமானால் கணினியின் அமைப்பை இன்றைய நிலைக்குத் திருப்பிவிடலாம். டைம்ஷிப்ட் உங்கள் சொந்தக் கோப்புகளை வழக்கமாகச் சேர்த்துக்கொள்ளாது. புகைப்படங்களுக்குத் தனி நகல் வேண்டும்.

உள்நுழைவுத் திரையை மாற்றுதல்

மெனுவில் "லாகின் விண்டோ" என்று தேடித் திறந்தால் கடவுச்சொல் கேட்கும். உள்ளே அப்பியரன்ஸ், யூசர்ஸ், செட்டிங்ஸ் என்று பகுதிகள் இருக்கும்.

அப்பியரன்ஸில் பின்னணிப் படத்தையும் நிறத்தையும் மாற்றலாம். இங்கே ஒரு சிறு பொறி உண்டு. பிக்சர்ஸ் கோப்புறையில் இருக்கும் மெரினா படத்தைத் தேர்ந்து, மறுதொடக்கம் செய்து பார்த்தால் வெறும் நிறம்தான் தெரியும். காரணம் மேலே சொன்னதுதான்: உங்கள் முகப்புக் கோப்புறை மற்றவர்களுக்கு மூடப்பட்டிருந்தால் லைட்டிஎம்மால் அந்தப் படத்தைப் படிக்க முடியாது. கோப்பு மேலாளரை ரூட் (கணினி நிர்வாகி) அனுமதியோடு திறந்து, கணினி முழுவதற்கும் பொதுவான யுஎஸ்ஆர் கோப்புறைக்குள் ஷேர், அதற்குள் பேக்கிரவுண்ட்ஸ் என்ற இடத்தில் படத்தை ஒட்டிவிட்டு, அங்கிருந்து தேர்ந்தெடுங்கள். வேலை முடிந்ததும் ரூட் சன்னலை உடனே மூடிவிடுங்கள். அதில் தவறுதலாக அழிக்கும் கோப்பு கணினியையே படுக்க வைக்கலாம்.

செட்டிங்ஸ் பகுதியில் கடிகாரம், மின்கலம், விசைப்பலகை ஆகிய சின்னங்கள் மேல்பட்டையில் தெரிய வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கலாம். விசைப்பலகைச் சின்னத்தை மட்டும் கட்டாயம் தெரியும்படி வையுங்கள். கடவுச்சொல்லில் எண்கள் இருந்து, வலப்பக்க எண்பலகையில் தட்டுபவர் என்றால் நம்லாக் தேர்வையும் இயக்கலாம். அது மங்கலாகத் தெரிந்தால், சாப்ட்வேர் மேனேஜரில் நம்லாக்எக்ஸ் என்ற சிறு நிரலை நிறுவிவிட்டு வாருங்கள்.

கடவுச்சொல் கேட்காமல் நேரே உள்ளே போக

தாத்தா, பாட்டி செய்தி படிக்கும் கணினி வெளியே போகாத மேசைக் கணினி என்றால் தானியங்கி உள்நுழைவு வைப்பதில் தவறில்லை. மின்சார ரயிலில் தினமும் தூக்கிக்கொண்டு போகும் மடிக்கணினிக்கு வைக்காதீர்கள். தொலைந்தால் எடுத்தவருக்கு உங்கள் மின்னஞ்சல் வரை திறந்த வீடு.

1. லாகின் விண்டோவில் யூசர்ஸ் பகுதிக்குப் போங்கள்.
2. ஆட்டோமேட்டிக் லாகின் என்பதன் கீழே யூசர்நேம் பெட்டியில் உங்கள் பயனர் பெயரைத் தட்டச்சுங்கள். திரையில் காட்டப்படும் முழுப் பெயர் இங்கே செல்லாது. நிறுவும்போது கொடுத்த, ஆங்கிலச் சிற்றெழுத்தில் உள்ள குறும்பெயர்தான் வேண்டும். மறந்திருந்தால், கட்டளைகளைத் தட்டும் சன்னலான டெர்மினலை மெனுவில் இருந்து திறந்து பாருங்கள். வரியின் தொடக்கத்தில் ஆட் குறிக்கு முன்னால் இருப்பதுதான் அது.
3. காத்திருக்கும் நொடிகளை விரும்பினால் கொடுங்கள். பல பேர் பயன்படுத்தும் வீட்டில் 10 நொடி கொடுத்தால், வேறொருவர் தன் பெயரைத் தேர்ந்தெடுக்க அவகாசம் கிடைக்கும்.
4. சன்னலை மூடிவிட்டு மறுதொடக்கம் செய்து சோதியுங்கள்.

லாக் அவுட் செய்தால் கடவுச்சொல் கேட்கத்தான் செய்யும். தானியங்கி உள்நுழைவு கணினியை இயக்கும்போது மட்டும்தான். மூடியைத் திறக்கும்போது கேட்கும் கடவுச்சொல் வேறு: அது திரைப்பூட்டு, மூன்றாவது கட்டத்தைச் சேர்ந்தது. அதை செட்டிங்ஸ் மேனேஜருக்குள் ஸ்கிரீன்சேவரிலும் பவர் மேனேஜரிலும் தனித்தனியாக நிறுத்த வேண்டும். நிறுவும்போது முகப்புக் கோப்புறையை மறையாக்கம் (என்க்ரிப்ட்) செய்யச் சொல்லியிருந்தால் தானியங்கி உள்நுழைவையே மறந்துவிடுங்கள். உங்கள் கடவுச்சொல்தான் அந்தக் கோப்புறையைத் திறக்கும் திறவுகோல்.

இதையெல்லாம் முடித்து உலாவியைத் திறந்ததும் சாம்பல் நிறத்தில் ஒரு சன்னல் குறுக்கே வந்து நிற்கலாம். நீங்கள் உள்ளே வந்தபோது லாகின் கீரிங் திறக்கப்படவில்லை, கடவுச்சொல் கொடுங்கள் என்று அது கேட்கும். வைரஸ் என்று பயந்து கணினியை அணைத்தவர்கள் உண்டு. வைரஸ் இல்லை. குரோம் போன்ற நிரல்கள் சேமித்த கடவுச்சொற்களைப் பூட்டி வைக்க கீரிங் என்ற பெட்டகத்தைப் பயன்படுத்துகின்றன. வழக்கமாக நீங்கள் உள்நுழையத் தரும் அதே கடவுச்சொல்லால் பெட்டகமும் ஓசையில்லாமல் திறந்துகொள்ளும். தானியங்கி உள்நுழைவில் யாரும் கடவுச்சொல் தரவில்லை. பெட்டகம் பூட்டியபடியே இருக்கிறது.

தீர்வு இரண்டு. கேட்கும்போது கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டுப் போவது ஒன்று. பாஸ்வேர்ட்ஸ் அண்ட் கீஸ் என்ற நிரலில் லாகின் என்ற வரியை வலச்சொடுக்கி, கடவுச்சொல்லை வெற்றாக மாற்றுவது இன்னொன்று. இரண்டாவதைச் செய்தால் சேமித்த கடவுச்சொற்கள் வட்டில் பூட்டில்லாமல் கிடக்கும். வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியில் இதைச் செய்யாதீர்கள்; தானியங்கி உள்நுழைவை எடுத்துவிட்டு, குறுகிய, நினைவில் நிற்கிற கடவுச்சொல் வைப்பதே மேல் என்பது என் கருத்து.

ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்களுக்கு: யூசர்ஸ் பகுதியில் விருந்தினர் அமர்வை அனுமதிக்கும் தேர்வு இருக்கிறது. வாடிக்கையாளர் மின்னஞ்சலைத் திறந்து அச்சிட்டுவிட்டு வெளியேற மறந்தாலும், நீங்கள் லாக் அவுட் செய்ததும் அந்த அமர்வில் இருந்த எல்லாம் அழிந்துவிடும். ஆனால் விருந்தினரை மற்றவர் கோப்புகளில் இருந்து பிரித்து வைக்கும் வேலியில் 2017இல் ஓர் ஓட்டை தெரியவந்து, மின்ட்டுக்கு அடிப்படையான உபுண்டு அந்த வசதியை முன்னிருப்பாக நிறுத்தியது. ஆகவே கடைக் கணக்குகளை அந்தக் கணினியில் வைக்க வேண்டாம். மின்தடைக்குப் பிறகு மேசைக் கணினி தானாகவே எழ வேண்டும் என்றால் அதை லினக்ஸில் தேடிப் பயனில்லை. இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் பயோஸ் என்ற அடிப்படை அமைப்பில், மின்சாரம் திரும்பினால் என்ன செய்வது என்ற தேர்வு பெரும்பாலான மேசைக் கணினிகளில் இருக்கும்.

தமிழ் விசைப்பலகையும் கடவுச்சொல்லும்

தமிழ்99 விசைப்பலகை 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்டது. லினக்ஸில் அது நெடுங்காலமாகவே இருக்கிறது. இருக்கிற இடம்தான் பிரச்சினை. நிறுவும்போது விசைப்பலகை கேட்கும் பக்கத்தில் ஆர்வமாகத் தமிழைத் தேர்ந்தெடுத்தால் அது கணினி முழுவதற்குமான அமைப்பாகிவிடலாம். உள்நுழைவுத் திரையும் அதையே எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஆங்கில எழுத்து என்று நினைத்துத் தட்ட, பெட்டிக்குள் தமிழ் எழுத்து விழும். அங்கே தெரிவதெல்லாம் புள்ளிகள் என்பதால் வித்தியாசம் புரியாது. கடவுச்சொல் தவறு என்று மட்டும் வரும்.

மேல்பட்டையில் விசைப்பலகைச் சின்னத்தைக் காட்டச் சொன்னது இதற்காகத்தான். அதைச் சொடுக்கி ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். இன்னும் சந்தேகம் என்றால், யூசர்ஸ் பகுதியில் மேனுவல் லாகின் அனுமதிக்கப்பட்டிருக்கும் கணினியில், பயனர் பெயர் கேட்கும் பெட்டியில் கடவுச்சொல்லைத் தட்டிப் பாருங்கள். அங்கே எழுத்துகள் மறைவதில்லை. எந்த விசைக்கு என்ன வருகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். பக்கத்தில் யாரும் இல்லாதபோது செய்யுங்கள்.

நிரந்தரமாகச் சரியாக்க, கணினி அளவில் ஆங்கிலத்தை முதன்மையாக விட்டுவிட்டு, தமிழை அமர்வுக்குள் மட்டும் சேர்ப்பதே நல்லது. சாப்ட்வேர் மேனேஜரில், பல மொழிகளில் தட்டச்ச உதவும் ஐபஸ் நிரலோடு அதன் எம்17என் தொகுப்பையும் நிறுவுங்கள். பிறகு மெனுவில் இன்புட் மெத்தட் என்ற கருவியைத் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். வெளியேறாமல் காத்திருந்தால் எதுவும் நடக்காது. உள்ளீட்டு முறை அமர்வு தொடங்கும்போதுதான் ஏற்றப்படுகிறது. ஐபஸ் விருப்பங்களில் தமிழ்99 அல்லது ஒலிப்புமுறையைச் சேர்த்துக்கொள்ளலாம். கடவுச்சொல்லைத் தமிழில் வைக்கும் ஆசை மட்டும் வேண்டாம். உள்நுழைவுத் திரையில் ஐபஸ் இருக்காது.

உள்ளே வந்த பிறகு என்னென்ன ஓட வேண்டும்

செட்டிங்ஸ் மேனேஜரில் "செஷன் அண்ட் ஸ்டார்ட்டப்" என்பதைத் திறங்கள். மூன்றாவது கட்டத்தின் கட்டுப்பாடு முழுக்க இங்கே.

முதலில் அந்தப் பேய்ச் சன்னல்கள். லாக் அவுட் பெட்டியில், வருங்கால உள்நுழைவுகளுக்காக அமர்வைச் சேமி என்று ஒரு கட்டம் இருக்கிறது. யாரோ ஒருநாள் அதில் குறியிட்டுவிட்டால், அன்று திறந்திருந்த விரிதாளும் கோப்புறைகளும் தினமும் திறக்கும். நீங்கள் மூடினாலும் மறுநாள் மறுபடி வந்து நிற்கும். லாக் அவுட் பெட்டியில் குறியை எடுங்கள். ஜெனரல் பகுதியில் வெளியேறும்போது அமர்வைத் தானாகச் சேமிக்கும் தேர்வையும் எடுங்கள். கடைசியாக சேவ்டு செஷன்ஸ் பகுதியில் சேமித்ததை அழியுங்கள். மூன்றில் ஒன்றை விட்டாலும் பழைய சன்னல்கள் திரும்பக்கூடும்.

அடுத்தது அப்ளிகேஷன் ஆட்டோஸ்டார்ட் பகுதி. ஒரு நீண்ட பட்டியல் வரும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு குறி. இங்கே கைவைக்கும்போது நிதானம் தேவை. புளூடூத் கருவி எதுவும் இல்லாதவர்கள் புளூமேன் ஆப்லெட்டின் குறியை எடுக்கலாம். அச்சுப்பொறி இல்லாதவர்கள் பிரின்ட் க்யூ ஆப்லெட்டை எடுக்கலாம். வரவேற்புத் திரையையும் எடுத்துவிடலாம். நெட்வொர்க் என்று இருப்பதை எடுத்தால் வைஃபை சின்னம் காணாமல் போகும். பாலிசிகிட் என்று இருப்பதை எடுத்தால், நிர்வாகக் கடவுச்சொல் கேட்கும் பெட்டி வராமல் அப்டேட் உட்படப் பல நிரல்கள் திறக்காமல் நின்றுவிடும். எக்ஸ்எஃப் செட்டிங்ஸ் டீமனை எடுத்தால் எழுத்துருவும் தோற்றமும் கலைந்துவிடும். பெயர் புரியாததைத் தொடாமல் விடுங்கள். அப்டேட் மேனேஜரையும் விடுங்கள், பழைய கணினிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் முக்கியம்.

குறியை எடுப்பதால் எந்த நிரலும் அழிவதில்லை. உங்கள் முகப்பில் மறைந்திருக்கும் கான்ஃபிக் கோப்புறைக்குள் "இதை ஓட்டாதே" என்று ஒரு சிறு கோப்பு எழுதப்படுகிறது, அவ்வளவுதான். அதனால் இந்த மாற்றம் உங்கள் கணக்குக்கு மட்டும். மகளுக்குத் தனிக் கணக்கு இருந்தால் அதில் நுழைந்து தனியாகச் செய்ய வேண்டும்.

புதிதாக ஒன்றைச் சேர்ப்பது எளிது. கணக்கு எழுதும் விரிதாள் காலையில் தானாகத் திறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சேர்க்கும் பொத்தானை அழுத்தினால் பெயர், விளக்கம், கட்டளை, தூண்டல் என்று நான்கு பெட்டிகள் வரும். பெயரும் விளக்கமும் உங்கள் விருப்பம், தமிழிலேயே எழுதலாம். கட்டளைப் பெட்டியில் எக்ஸ்டிஜி-ஓப்பன் என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில், நடுவில் சிறு கோட்டோடு தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள். பாதை தெரியாவிட்டால் டெர்மினலைத் திறந்து, கோப்பை இழுத்து அதற்குள் போடுங்கள். முழுப் பாதை எழுத்தாக விழும், அதை நகலெடுக்கலாம். கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிகளோடு சேர்த்தே எடுங்கள். தூண்டலில் ஆன் லாகின் என்று இருக்கட்டும்.

தொடக்கம் மெதுவாக இருக்கிறதா?

ஆட்டோஸ்டார்ட் பட்டியலைக் குறைத்தால் கணினி பறக்கும் என்று சொல்பவர்கள் சுழலும் ஹார்ட் டிஸ்க்கை மறந்துவிடுகிறார்கள். பழைய மடிக்கணினியில் அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி வட்டு போடுவது தரும் வேகத்தை எந்த அமைப்பு மாற்றமும் தராது. கையில் காசு இருந்தால் முதலில் அதுதான்.

நேரம் எங்கே போகிறது என்று பார்க்க, டெர்மினலில் சிஸ்டம்டி-அனலைஸ் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். கெர்னலுக்கு எத்தனை நொடி, சேவைகளுக்கு எத்தனை நொடி என்று காட்டும். சில கணினிகளில் பயோஸ், க்ரப் ஆகியவற்றின் நேரமும் சேர்ந்து வரும். அதோடு ஓர் இடைவெளி விட்டு பிளேம் என்று சேர்த்தால் சேவைகள் நேர வரிசையில் வரும். அந்தப் பட்டியலில் உச்சியில் இருப்பதை உடனே நிறுத்திவிடாதீர்கள். சேவைகள் ஒரே நேரத்தில் இணையாக ஓடுகின்றன. நெடுநேரம் எடுத்த ஒன்று உங்களைக் காக்க வைக்காமலே போயிருக்கலாம். பிளேமுக்குப் பதில் கிரிட்டிக்கல்-செயின் என்று கொடுத்தால் எது எதற்காகக் காத்திருந்தது என்ற சங்கிலி தெரியும். கை வைப்பதென்றால் அதைப் பார்த்து வையுங்கள்.

உள்ளே போக முடியாமல் மாட்டிக்கொண்டால்

தவறான கடவுச்சொல் கொடுத்தால் உள்நுழைவுத் திரை தவறு என்று சொல்லும். எந்தச் செய்தியும் இல்லாமல் திரை ஒருகணம் கறுத்து, மறுபடி உள்நுழைவுத் திரைக்கே திரும்பினால் கடவுச்சொல் சரி. உங்கள் அமர்வுதான் தொடங்க முடியாமல் விழுகிறது. கடவுச்சொல்லை மாற்றிப் பயன் இல்லை.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். தட்டும்போது புள்ளிகூடத் தெரியாது, தயங்காமல் தட்டி என்டர் அழுத்துங்கள். உள்ளே வந்ததும் டிஎஃப் கட்டளையை, இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் எச் எழுத்தும் சேர்த்துக் கொடுங்கள். முதன்மை வட்டு நூறு விழுக்காடு என்று இருந்தால் அதுதான் காரணம்: எழுத இடம் இல்லாமல் அமர்வு தொடங்காது. பல வேளைகளில் இடத்தை அடைத்திருப்பது டைம்ஷிப்ட் சேர்த்து வைத்த பழைய நகல்களாகவே இருக்கும். நிர்வாக அனுமதியோடு ஓட்டச் சொல்லும் சூடோ என்ற சொல்லை முன்னால் வைத்து, சூடோ டைம்ஷிப்ட் என்ற கட்டளையோடு இரட்டைக் கோடும் லிஸ்ட் என்ற சொல்லும் சேர்த்தால் நகல்களின் பட்டியல் வரும். லிஸ்ட்டுக்குப் பதில் டெலிட் என்று கொடுத்தால் எதை அழிக்க என்று கேட்கும். பழையதில் இருந்து அழியுங்கள், கடைசி ஒன்றையாவது விட்டு வையுங்கள்.

வட்டில் இடம் இருந்தும் இதே நிலை என்றால் முகப்பில் உள்ள எக்ஸ்அத்தாரிட்டி என்ற கோப்பைச் சந்தேகிக்கலாம். அதன் பெயர் புள்ளியில் தொடங்கும். எக்ஸும் ஏ-யும் பேரெழுத்து. எப்போதாவது சூடோ போட்டு வரைகலை நிரல் ஒன்றை ஓட்டியிருந்தால் அந்தக் கோப்பு ரூட்டின் கைக்குப் போயிருக்கும். உங்கள் அமர்வால் அதில் எழுத முடியாது. எம்வி கட்டளையால் அதற்கு வேறு பெயர் கொடுத்துவிடுங்கள், அடுத்த உள்நுழைவில் புதிதாக உருவாகிவிடும். பிறகு கண்ட்ரோல், ஆல்ட், எஃப்7 அழுத்தினால் உள்நுழைவுத் திரைக்குத் திரும்பலாம். அங்கே வெறும் கறுப்பு மட்டும் தெரிந்தால் எஃப்2 திரைக்கே வந்து, சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் லைட்டிஎம் என்று கொடுங்கள். இரண்டாவது கட்டம் மட்டும் புதிதாகத் தொடங்கும். அதற்கும் அசையாவிட்டால், மின்ட் நிறுவிய பென் டிரைவைச் செருகி அதில் இருந்து கணினியை எழுப்புங்கள். அதிலும் டைம்ஷிப்ட் இருக்கிறது. நகல் இருக்கும் வட்டைக் காட்டி ரீஸ்டோர் கொடுத்தால் தொடக்கத்தில் எடுத்து வைத்த நிலைக்குத் திரும்பிவிடும்.